பத்தொன்பதாம் பக்கத்துக்காரர்

பிடித்த புத்தகம் வைத்திருப்பவர் என்று ஒரு இனம் உண்டு. வாசகர் என்று நினைத்துவிடாதீர்கள். வாசகரிடம் உங்களுக்குப் பிடித்த புத்தகம் எது என்று கேட்டால் விழிப்பார், தலையைச் சொறிவார், ஒன்றைச் சொல்லி உடனே மாற்றிக்கொள்வார், மறுநாள் போன் செய்து மூன்றாவதாக ஒன்றைச் சொல்வார். நான் சொல்லும் ஆசாமி தயங்கவே மாட்டார். நீங்கள் கேட்கும்வரைகூடக் காத்திருக்கமாட்டார். மழை வரும்போலிருக்கிறதே என்றால், இந்த மாதிரி மழையைப் பற்றி அந்தப் புத்தகத்தில் ஒரு இடம் வருகிறது என்பார். எந்த இடம்? "நீங்களே படிக்கணுங்க. நான் சொன்னா ருசி போயிடும்." அவர் படித்துவிட்டாரா? "இப்ப ரெண்டாவது தடவை போயிக்கிட்டிருக்கு." இந்த இனத்தில் ஒருவர் முதல் தடவை படித்துக்கொண்டிருந்ததைக் கண்ணால் கண்டவர் யாருமில்லை.

எல்லாத் தொழில்களிலும் இவர்கள் இருக்கிறார்கள். ஆனாலும் இந்த இனம் கொழுகொழுவென்று வளர்கிற இடம் குத்துச்சண்டை உலகம்தான். தலையில் அடி வாங்கிப் பிழைக்கிறவனுக்குத் தலைக்குள் என்ன மிச்சமிருக்கும் என்று ஊரில் எல்லோருக்கும் ஒரு சந்தேகம். யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை, பார்வையிலேயே கேட்டுவிடுகிறார்கள். அந்தப் பார்வைக்கு எதிராகக் குத்துச்சண்டைக்காரர்கள் ஆளுக்கொரு புத்தகத்தை முகத்துக்கு நேரே உயர்த்திப் பிடித்துக்கொள்கிறார்கள், கையுறையைப் பிடிப்பதுபோல. கையுறையைத் திறந்து உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கிறவர் உண்டா?

சங்கச் செயலாளருக்குப் பிடித்தது விதிமுறைப் புத்தகம். அதில் இல்லாததே இல்லை என்பார். இருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல எப்போதும் வேறு யாரையாவது அனுப்புவார். நடுவருக்குப் பிடித்தது அகராதி; ஒன்றிலிருந்து பத்து வரை எண்ணுவதற்கு மட்டும் வாய் திறக்கிற மனிதர் அவர். முன்னாள் சாம்பியனுக்குப் பிடித்தது அவருடைய சுயசரிதை. வேறொருவர் எழுதியது. படித்தீர்களா என்று கேட்டால் "முடிவுதான் எனக்குத் தெரியுமே" என்று சொல்லிவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொள்வார். 

இவர்கள் எல்லோரையும் முதல் சுற்றிலேயே சாய்த்துவிடக்கூடியவர் நம்முடைய மாஸ்டர்.

மாஸ்டரின் பயிற்சிக்கூடம் ஒரு டயர் கிடங்கின் பின்பாதியில் இருந்தது. முன்பாதியிலிருந்து ரப்பர் வாசனை வரும். பின்பாதியிலிருந்து வியர்வையும் வலித்தைலமும் கலந்து எதிரே போகும். இரண்டும் நடுவில் இருந்த தகரத் தடுப்பில் மோதிக்கொள்ளும். கொடிக்கயிற்றில் கைக்கட்டுத் துணிகள் தொங்கும். சுவரில் ஒரு மின்சார மணி. மூன்று நிமிடத்துக்கு ஒரு தடவை அடிக்கும், ஒரு நிமிடம் விட்டு மறுபடி அடிக்கும். குத்துவது, குதிப்பது, கயிறு தாண்டுவது, ஏன், மூக்குச் சிந்துவதுகூட அங்கே அந்த மணியின்படிதான்.

மாஸ்டருக்குப் பிடித்த புத்தகத்தின் பெயர் 'பொறுத்தவன் களம்'. காவி நிறக் கெட்டி அட்டை. அறுநூற்றுச் சொச்சம் பக்கங்கள். யாரோ ஒரு தூரதேசத்துத் தளபதி, போரெல்லாம் முடிந்தபிறகு உட்கார்ந்து யோசித்தவை. பதினொரு வருடத்துக்கு முன்னால் ஒரு போட்டியின் பரிசளிப்பில், சிறந்த பயிற்சியாளருக்கு என்று அதைக் கொடுத்தார்கள். முதல் பக்கத்தில் 'அன்புடன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தது. அதற்கு மேலே அடிக்கப்பட்ட இன்னொரு 'அன்புடன்'. அதற்கும் மேலே ஒன்று, வேறு மையில். மாஸ்டர் கைக்கு வருவதற்குமுன் அந்தப் புத்தகம் மூன்று பேருடைய அன்பைத் தாண்டி வந்திருந்தது. மூன்று பேருமே அதைப் புத்தம் புதிதாக வைத்திருந்தார்கள்.

மாஸ்டர் அதைப் படிக்க முயலவில்லை என்று சொல்வது பாவம். முயன்றார். ஆனால் பழக்கத்தை எங்கே கொண்டுபோய் விடுவது? கூடத்தில் உட்கார்ந்து படித்தார். மணி அடித்தால் ஆரம்பிப்பார். மூன்று நிமிடம் கழித்து மணி அடித்தால் நிறுத்தித் தோளைச் சுழற்றி, தண்ணீர் குடித்து, வாயைக் கொப்பளிப்பார். ஓய்வு நிமிடம் முடிந்து மணி அடிக்கும்போது எங்கே விட்டோம் என்பது மறந்திருக்கும். பக்கத்தின் தலையிலிருந்து மறுபடி. இப்படி ஒரு மாதம் போராடிப் பத்தொன்பதாம் பக்கத்தை எட்டினார். அங்கே அவருக்கு ஒரு வரி கிடைத்தது: 'எதிரி வரட்டும், நீ இரு.'

போதாதா? ஒரு மனிதனுக்கு ஆயுசுக்கும் இது போதாதா? மாஸ்டர் புத்தகத்தை மூடினார். அன்றிலிருந்து அது அவருக்குப் பிடித்த புத்தகம்.

அதற்குப் பிறகு யார் சாப்பிடாமல் வந்தாலும், யாருக்கு மூக்கு உடைந்தாலும், யாருக்குக் கல்யாணம் நின்றுபோனாலும் அந்தப் புத்தகத்தில் அதற்கு ஒரு வரி இருந்தது. அந்த வரியை மாஸ்டர் அந்தந்த நேரத்தில் தயாரித்துக்கொள்வார். தளபதி உயிரோடு இருந்து கேட்டிருந்தால் தான் இவ்வளவு யோசித்தோமா என்று வியந்திருப்பார். வீட்டில் மட்டும் இது செல்லவில்லை. "கண்ணாடி வீட்டுல இருக்கு, புத்தகம் கிளப்புல இருக்கு," என்றார் மாஸ்டரின் மனைவி ஒருநாள். "ரெண்டும் எப்பங்க சந்திச்சிக்கும்?"

மாஸ்டர் அதற்கும் ஒரு வரி சொல்ல வாயெடுத்தார். மனைவியின் கையில் கரண்டி இருந்தது. விட்டுவிட்டார்.

இப்போது அந்தப் புத்தகம் கிளப்பில் எங்கே இருந்தது என்று சொல்லவேண்டும்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் யாரோ ஒரு கனமான இரும்புக் குண்டைக் கீழே போட்டதில், எடை மெஷின் நிற்கிற மூலையில் தரை உடைந்து மூன்று விரல் ஆழத்துக்குப் பள்ளமாகிவிட்டது. மெஷினின் நான்கு கால்களில் ஒன்று அந்தரத்தில் தொங்கியது. குத்துச்சண்டைக்காரர்களுக்கு எடை மெஷின் சாமிபடம் மாதிரி. காலையில் எழுந்து முதலில் அதன் முன்னால்தான் போய் நிற்பார்கள். மாஸ்டரின் மச்சினன் பள்ளத்தில் ஒரு பலகைத் துண்டை வைத்துப் பார்த்தான், தூக்கியது. அட்டைப்பெட்டியைக் கிழித்து வைத்தான், தாழ்ந்தது. பிறகு மேஜைமேல் அவன் கண் போயிற்று. 'பொறுத்தவன் களம்' பள்ளத்தில் அளவெடுத்துச் செய்ததுபோல் உட்கார்ந்தது. முள் ஆடாமல் நின்றது.

"இன்னைக்கு மட்டும்டா," என்றார் மாஸ்டர்.

"இன்னைக்கு மட்டும்தான் அத்தான்."

இரண்டு வருடம் போயிற்று. ஐம்பது கிலோக்காரர்களும் தொண்ணூறு கிலோக்காரர்களும் நாளுக்கு ஒரு தடவையாவது அந்தப் புத்தகத்தின்மீது தங்கள் பாரத்தை இறக்கிவைத்தார்கள். மாஸ்டர் மெஷினுக்கு இரண்டடி தள்ளி நின்றுகொண்டு அந்தப் புத்தகத்தின் பெருமையைச் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் சொன்னதில் ஒன்று மட்டும் உண்மை. அந்தப் புத்தகம்தான் கிளப்பைத் தாங்கிக்கொண்டிருக்கிறது என்பார்.

கிளப்பில் தேசியத் தேர்வுக்குப் போகிற அளவுக்கு இருந்தவள் ஒருத்திதான். பகலில் ஆஸ்பத்திரியில் லிஃப்ட் இயக்குகிற வேலை. அதனால் எல்லோருக்கும் அவள் பெயரே லிஃப்ட். முப்பத்து நான்கு வயது. முப்பத்தைந்து ஆனால் சங்கம் பெயரை எடுத்துவிடும். அதற்கு இன்னும் மூன்று மாதம். இரண்டு தடவை தேர்வைத் தவறவிட்டிருந்தாள். ஒரு தடவை விலா எலும்பு உடைந்தது. ஒரு தடவை ஆஸ்பத்திரியில் லீவு கொடுக்கவில்லை. இந்த வருடம் விட்டால் பிறகு கிடையாது. அறுபது கிலோ பிரிவு. எடை பார்க்கும் நாளில் அறுபதுக்குமேல் ஒரு கிராம் இருந்தாலும் ரிங் பக்கம் விடமாட்டார்கள். போட்டிக்கு எட்டு நாள் இருக்கும்போது லிஃப்டின் எடை அறுபத்தொன்று அறுநூறு.

அவளுக்கும் ஒரு புத்தகம் உண்டு. அட்டை போன சமையல் புத்தகம். ஏதோ நோயாளி லிஃப்டில் விட்டுப்போனது. எடை குறைக்கிற வாரங்களில், கீழ்த்தளத்தில் ஆள் ஏறும்வரை முக்காலியில் உட்கார்ந்து அதை வரிவரியாகப் படிப்பாள். சூப்புகள், ரொட்டிகள், கேக்குகள், வாட்டிய கோழி. நாலாம் மாடிக்குப் போகவேண்டியவரை ஆறாம் மாடியில் இறக்கிவிட்டு அடிக்கடி திட்டு வாங்குவாள். மற்றவர்கள் காதல் கதை படிக்கிற மாதிரிதான். படித்ததில் ஒன்றையும் இதுவரை செய்து பார்த்ததில்லை.

அன்று சங்கத்திலிருந்து போன் வந்தது. ஆண்டு மலரில் 'குத்துச்சண்டை உலகமும் புத்தகங்களும்' என்று ஒரு பகுதி வருகிறது. நாளைக் காலையில் நிருபர் வருவார். புத்தகத்தோடு ஒரு படமும் எடுக்கவேண்டும்.

போனை வைத்ததும் மாஸ்டரும் மச்சினனும் மெஷினின் காலைத் தூக்கினார்கள். புத்தகம் வர மறுத்தது. கத்தியின் மொட்டைப் பக்கத்தால் நெம்பி எடுத்தார்கள். பின்னட்டையில் தூசி ஒரு விரல். முன்னட்டையில் மெஷின் கால் பதிந்து, வட்டமாக ஒரு குழி. மாஸ்டர் அதைத் துடைத்தார். கைக்குக் கிடைத்தது தைலத் துணி.

"அத்தான், புத்தகம் முழங்கால் வலிக்கு நல்லா கேக்கும்போலிருக்கே," என்றான் மச்சினன்.

"வாயை மூடிக்கிட்டு அங்க எதையாவது வை."

மச்சினன் ஒரு துண்டை எட்டாக மடித்துப் பள்ளத்தில் வைத்தான். மெஷினைக் கையால் அமுக்கிப் பார்த்தான். "ஆடல அத்தான்."

ஆடத்தான் இல்லை. ஆனால் துண்டு துண்டுதானே? ஆள் ஏறியதும் அது அமுங்கியது. மெஷினின் ஒரு ஓரம் உடைந்த தரையின் விளிம்பில் போய்ச் சாய்ந்துகொண்டது. ஏறினவரின் எடையில் கொஞ்சத்தை மெஷினுக்குத் தெரியாமல் தரை வாங்கிக்கொண்டது. இது உங்களுக்கும் எனக்கும் தெரிகிறது. மாஸ்டருக்குத் தெரியவில்லை. அவர் அப்போது புத்தகத்தை எந்தக் கையில் பிடித்தால் படத்தில் தாடை நன்றாக விழும் என்று கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தார்.

நிருபர் ஒரு சின்னப் பெண். தோளில் கேமரா. கையில் நோட்டு. பேனாவை எடுத்ததும் புத்தகத்தைத்தான் முதலில் வாங்கினாள். நல்ல நிருபர்களுக்கு இந்தக் கெட்ட பழக்கம் உண்டு.

"அட்டையில இது என்ன சார் வட்டம்?"

"டீ கிளாஸ் வச்ச தடம்மா. படிக்கிறப்போ பக்கத்துலயே டீ."

"குழியா இருக்கே."

"சூடான டீ."

அவள் பக்கங்களைப் புரட்டினாள். பத்தொன்பதுவரை மூலைகள் மடிந்து, விரல் பட்டுப் பழுத்திருந்தன. இருபதிலிருந்து இஸ்திரி போட்ட சட்டை மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தன. எதையோ நோட்டில் எழுதினாள். மாஸ்டருக்கு அந்தப் பேனாவின் சத்தம் பிடிக்கவில்லை.

"முடிவு எப்படி இருக்கும் சார் இதுல?"

"முடிவுன்னு ஒண்ணு இல்லாத புத்தகம்மா இது."

அவள் கடைசிப் பக்கத்தைத் திருப்பிக் காட்டினாள். "முற்றும்னு போட்டிருக்கே."

"அது அச்சுக்காரங்க போடறது," என்றார் மாஸ்டர்.

பிறகு அவள் லிஃப்டைக் கேட்டாள். லிஃப்ட் கைக்கட்டுத் துணியைச் சுற்றிக்கொண்டே, "சமையல் புத்தகங்க," என்றாள். "நாப்பத்தோராம் பக்கத்துல ஒரு உருளைக்கிழங்கு சூப்பு வருது பாருங்க..."

மாஸ்டருக்கு இருமல் வந்தது. நிருபர் தண்ணீர் கொடுக்கப் போகிற அளவுக்கு வந்தது. "தமாஷ் பண்றா. எடை குறைக்கிறா இல்ல, பசி மயக்கம். அவளுக்கும் இதே புத்தகம்தான். சொல்லும்மா."

லிஃப்ட் அவரைப் பார்த்தாள். பன்னிரண்டு வருடமாக அவர் துணி கட்டிவிட்ட கைகள் அவளுடையவை. "ஆமாங்க," என்றாள். "இதேதான்."

இருவரும் புத்தகத்தின் ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டு படத்துக்கு நின்றார்கள்.

மறுநாள் காலை லிஃப்ட் மெஷினில் ஏறினாள். அறுபது தொள்ளாயிரம். இறங்கி மறுபடி ஏறினாள். அதேதான். முந்தின நாள் நிருபர் வந்த அமளியில் ஏறவில்லை. இரண்டே நாளில் எழுநூறு கிராம்.

"மாஸ்டர், மெஷின்ல ஏதோ கோளாறு. நேத்து நான் ஓடக்கூட இல்ல. என் பெல்ட்டு அதே ஓட்டைலதான் இருக்கு."

மாஸ்டர் முகத்தில் பெரிய வெளிச்சம். "நேத்து உன் கையில எதைக் கொடுத்தேன்?"

"புத்தகத்த."

"புத்தகத்தைத் தொட்ட மறுநாளே எழுநூறு. நான் என்னவோ சும்மா சொல்றேன்னு நினைச்சிக்கிட்டிருந்தீங்க எல்லாரும்."

"இல்ல மாஸ்டர், ஆஸ்பத்திரி மெஷின்ல ஒரு தடவை..."

"'சந்தேகப்படுகிறவன் இரண்டு எதிரியோடு சண்டை போடுகிறான்,'" என்றார் மாஸ்டர். அந்த நிமிடம் பிறந்த வரி அது. அதன் அழகில் அவரே ஒருமுறை தலையாட்டிக்கொண்டார். "புத்தகத்துலயே இருக்கு. போ, பையைக் குத்து. ரொம்ப வாடிப்போயிட்ட, ராத்திரிக்கு ஏதாவது சாப்பிடு."

லிஃப்ட் சாப்பிட்டாள். மூன்று வாரமாக வெந்த காய்கறியும் வெந்நீருமாக இருந்தவள், அன்று வீட்டுக்குப் போய் நாற்பத்தோராம் பக்கத்தைத் திறந்துவைத்துக்கொண்டு, வெண்ணெயில் வதக்கிய உருளைக்கிழங்கு சூப்பை வாழ்க்கையில் முதல் தடவையாகச் செய்தாள். மெஷின் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த நாளும் கொஞ்சம். ஓடினாள், குத்தினாள், வியர்த்தாள், சூப்புக் குடித்தாள். எடை பார்க்கும் நாளுக்கு முன்தினம் மெஷின் சரியாக அறுபது காட்டியது. மாஸ்டர் 'பொறுத்தவன் களத்தை' மேஜைமேலேயே வைத்திருந்தார். ஆண்டு மலரைப் பார்த்துவிட்டு யாராவது தேடிக்கொண்டு வந்தால் என்ன செய்வது?

எடை பார்க்கும் இடம் ஒரு பெரிய உள்விளையாட்டு அரங்கம். வாசலிலேயே ஆண்டு மலரை அடுக்கிவைத்து விநியோகித்துக்கொண்டிருந்தார்கள். மாஸ்டர் உள்ளே நுழையும்போதே நான்கு பேர் கை கொடுத்தார்கள். அவர் படம் முழுப் பக்கத்துக்கு வந்திருந்தது. தாடை நன்றாக விழுந்திருந்தது. வேறு கிளப்பின் மாஸ்டர் ஒருவர் தோளைக் கட்டிக்கொண்டு, "'எதிரி வரட்டும், நீ இரு.' ஆகா, என்ன வரி," என்றார். "நானும் அந்தப் புத்தகத்தை வாங்கப்போறேன்." அவருக்குப் பிடித்த புத்தகம் அடுத்த பக்கத்தில் வந்திருந்தது. மாஸ்டர் அதைக் கேட்கவில்லை. இந்த இனத்தில் யாரும் அடுத்தவருடையதைக் கேட்பதில்லை.

"தினம் ஒரு பக்கமாவது புரட்டணுங்க," என்று மாஸ்டர் ஆரம்பித்தபோதுதான் எடை மேஜையிலிருந்து குரல் வந்தது.

"அறுபது எழுநூறு."

லிஃப்ட் மெஷின்மேல் நின்றுகொண்டிருந்தாள். இறங்கி, காலுறையைக் கழற்றி, தலைமுடியை அவிழ்த்து மறுபடி ஏறினாள். அறுபது எழுநூறுதான். மேஜைக்குப் பின்னால் இருந்தவர் கடிகாரத்தைப் பார்த்தார். "ஒரு மணி நேரம். அதுக்குள்ள இறங்கினா வாங்க. இல்லேன்னா பேரை அடிச்சிடுவேன்."

மாஸ்டர் ஓடினார். "நேத்து ராத்திரி என்ன தின்ன?"

"நீங்க தின்னச் சொன்னத," என்றாள் லிஃப்ட்.

பக்கத்தில் வாளியோடு நின்ற மச்சினன் கையிலிருந்த ஆண்டு மலரைப் பார்த்துக்கொண்டிருந்தான். படத்தில் காவி அட்டை, அதில் வட்டக் குழி. அவன் மெதுவாகச் சொன்னான்: "அத்தான். நாம புத்தகத்தை எடுத்தோம்ல? அங்க துண்டு."

மாஸ்டருக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகு புரிந்தது. தாடையில் சரியாக விழுந்த குத்து அப்படித்தான். வலி பிறகுதான் வரும், முதலில் கால் காணாமல் போகும். அவர் சுவரைப் பிடித்துக்கொண்டார். தளபதியின் வரிகளில் ஒன்றுகூட ஞாபகத்துக்கு வரவில்லை; தானே ஒன்றைத் தயாரிக்கவும் முடியவில்லை.

லிஃப்ட் காத்திருக்கவில்லை. பிளாஸ்டிக் கோட்டை மாட்டிக்கொண்டு, அதன்மேல் இரண்டு ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு அரங்கத்தின் படிகளில் ஏறி இறங்க ஆரம்பித்தாள். பிறகு கயிறு. முப்பத்தைந்து நிமிடத்தில் கோட்டுக்குள்ளிருந்து தண்ணீர் கொட்டியது. துடைத்துக்கொண்டு ஏறிப் பார்த்தாள். அறுபது இருநூறு. மறுபடி கயிற்றை எடுத்தாள். கால் சிக்கியது. மறுபடி சிக்கியது. வியர்வை நின்றுவிட்டது, உடம்பில் இனிமேல் வெளியே வர ஒன்றுமில்லை.

"துப்பியாகணும்," என்றாள். எடை குறைக்கிறவர்களின் கடைசி ஆயுதம் அதுதான். கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு எச்சிலாகத் துப்பித் துப்பிக் கிராம் கிராமாக இறங்குவது. ஆனால் வாய் மரக்கட்டையாகக் காய்ந்திருந்தது. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். "மாஸ்டர், என் பையில இருக்கு. எடுத்துப் படிங்க."

"எதை?"

"சமையல் புத்தகத்த. சத்தமாப் படிங்க. வாயில தண்ணி ஊறணும்."

மாஸ்டர் பையைத் துழாவி எடுத்தார். திறந்தார். எழுத்தெல்லாம் எறும்புக் கூட்டம். கண்ணாடி வீட்டில் இருந்தது. மனைவி சொன்னது காதில் கேட்டது. எடை மேஜையருகே உட்கார்ந்திருந்த சங்க டாக்டரின் மூக்கிலிருந்து கண்ணாடியை, ஒரு நிமிடம் டாக்டர் என்று சொல்லிக் கழற்றிக்கொண்டு வந்து, தரையில் அவள் எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"'வாட்டிய கோழி. ஒரு முழுக் கோழியைச் சுத்தம் செய்து, உப்பும் மிளகுத்தூளும் தடவி...'"

"மெதுவா," என்றாள் அவள். "ருசிச்சுப் படிங்க."

மாஸ்டர் வாழ்நாளில் முதல் தடவையாக ஒரு புத்தகத்தை ருசித்துப் படித்தார். கோழியின் தோல் பொன்னிறமாகி மொறுமொறுவென்று வெடிப்பதைப் படித்தார். ரொட்டி மாவு துணிக்குள் உப்புவதையும், அடுப்பைத் திறந்ததும் வருகிற வாசனையையும், கேக்கின்மேல் ஊற்றிய சாக்லேட் ஓரங்களில் தயங்கி வழிவதையும் படித்தார். அரங்கத்தில் எங்கோ மணி அடித்தது. அவர் நிறுத்தவில்லை. மறுபடி அடித்தது. பக்கத்தைத் திருப்பினார். பத்தொன்பதாம் பக்கம் எப்போது போயிற்று என்று அவருக்குத் தெரியாது. லிஃப்ட் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டு, கோப்பையில் துப்பிக்கொண்டே இருந்தாள். மச்சினனுக்கும் எச்சில் ஊறியது, அவன் விழுங்கிக்கொண்டான்.

நாற்பத்தோராம் பக்கம் வந்தது. உருளைக்கிழங்கு சூப்பு. மாஸ்டரின் குரல் இடறியது.

"நான் அந்தப் புத்தகத்தைப் படிச்சதில்லம்மா," என்றார்.

"தெரியும் மாஸ்டர்."

"பத்தொம்பது பக்கந்தான்..."

"எல்லாருக்கும் தெரியும். நிறுத்தாதீங்க. வெண்ணெய் எவ்வளவு?"

"'இரண்டு மேஜைக்கரண்டி,'" என்று படித்தார் மாஸ்டர். டாக்டரின் கண்ணாடியில் ஆவி படிந்திருந்தது. துடைத்துக்கொண்டு தொடர்ந்தார். "'வெண்ணெய் உருகி நுரைக்கும்போது...'"

ஒரு மணி நேரத்துக்கு நான்கு நிமிடம் இருக்கையில் லிஃப்ட் மெஷினில் ஏறினாள். முள் ஆடியது, யோசித்தது, நின்றது. அறுபது. மேஜைக்குப் பின்னால் இருந்தவர் குனிந்து பார்த்தார், நிமிர்ந்தார், மறுபடி குனிந்தார். "சரி," என்று எழுதிக்கொண்டார். மாஸ்டர் புத்தகத்தை மூடவில்லை. கடைசியில் புட்டிங் ஒன்று பாக்கி இருந்தது. அதையும் முடித்துவிட்டுத்தான் எழுந்தார்.

மறுநாள் சண்டை. லிஃப்ட் மூன்று சுற்றும் நின்றாள். இரண்டு நடுவர்கள் அவளுக்கு, ஒருவர் எதிராளிக்கு. ஜெயித்துவிட்டாள். ரிங்கைவிட்டு இறங்கும்போது அதே நிருபர் நோட்டோடு வந்தாள். மாஸ்டர் தோள்துண்டைச் சரிசெய்துகொண்டு சொன்னார்:

"எல்லாம் அந்தப் புத்தகம்தாம்மா காரணம்."

"எந்தப் புத்தகம்னு கேளுங்க," என்றாள் லிஃப்ட், வாய்க்கவசத்தைத் துப்பிவிட்டு.

நிருபர் கேட்டாள். மாஸ்டரின் தாடை ஒருமுறை அசைந்தது. அவர் திருந்திவிட்டார் என்று எழுத எனக்கும் ஆசைதான்.

"பொறுத்தவன் களம்," என்றார். "ரெண்டாவது தடவை முடிச்சிட்டேன். மூணாவது ஆரம்பிக்கணும்."

அன்று மாலையே மச்சினன் துண்டை உருவியெடுத்துவிட்டுப் புத்தகத்தைப் பழைய பள்ளத்தில் வைத்தான். முள் நேராக நின்றது. அது இப்போதும் அங்கேதான் இருக்கிறது. சொல்லப்போனால், இதுவரை அதைக் கையில் வாங்கியவர்களில் அதற்கு ஒரு உருப்படியான வேலை கொடுத்தவன் மச்சினன் ஒருவன்தான். லிஃப்ட் தேசியப் போட்டிக்கு எடை குறைத்துக்கொண்டிருக்கிறாள். ஆஸ்பத்திரியில் நாலாம் மாடிக்காரர்கள் ஆறாம் மாடியில் இறங்குகிறார்கள்.

நீங்கள் மாஸ்டரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறீர்கள். சிரியுங்கள். உங்கள் வீட்டுக் கூடத்திலும் முதுகு வெளியே தெரியும்படி ஒரு தடிப் புத்தகம் நிற்கிறது. விருந்தாளிகள் வந்தால் அவர்கள் கண்ணில் படுகிற உயரத்தில். அதைப் பற்றி நீங்கள் சொல்வதுகூட எனக்குத் தெரியும்: மறுபடி ஒரு தடவை படிக்கவேண்டும் என்பீர்கள். இந்தக் கட்டுரை முடிந்ததும் எழுந்துபோய் அதை எடுத்து, எந்தப் பக்கம்வரை மூலைகள் மடிந்திருக்கின்றன என்று பாருங்கள். யாரும் பக்கத்தில் இல்லாதபோது பாருங்கள். ஆனால் ஒன்று. உருவுவதற்குமுன், அதன்மேல் எது நிற்கிறது என்று ஒருமுறை பார்த்துவிட்டு உருவுங்கள்.